கப்பல் நேரப்படி ஒன்பது மணி

வெண்டல் முப்பத்தொரு வருடம் ஸ்க்ரான்டன் நகரப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போட்டுக் கொடுத்தவர். எந்தத் தெருமுனையில் எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு நிற்கும் என்பதெல்லாம் அவருடைய பென்சில் முனையிலிருந்து பிறந்தது. அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு வண்டியைத்தான் தவறவிட்டார். அதற்குப் பதினோரு தளங்கள், இரண்டு நீச்சல் குளங்கள், வெள்ளை பெயின்ட். கண்ணில் படாமல் போக வாய்ப்பே இல்லை.

அதை நாங்கள் அவரை மறக்கவிட்டதில்லை.

'சில்வர் ஹெரான்' கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில், ஆறு மணிப் பந்தியில், அறுபத்துநாலாம் மேசை எங்களுடையது. ஆறு நாற்காலிகள். முதல் வருடம் நானும் என் கணவர் மில்டனும் டொலீடோவிலிருந்து போயிருந்தோம். எதிரே கோரினும் அவள் கணவர் ரஸ்ஸலும், டுலூத்காரர்கள். சூப் வந்த பிறகு, போ டை கட்டிய ஒல்லியான ஓர் ஆள் வந்து, கோரின் தன் கைப்பையை வைத்திருந்த நாற்காலியைக் காட்டினார்.

"இந்த இடத்துல யாராச்சும் இருக்காங்களா?"

கோரின் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "என் கைப்பைதான் இருந்துச்சு. அது சாப்பிடாது. உட்காருங்க."

அப்படித்தான் வெண்டல் எங்களுக்குக் கிடைத்தார். அதன் பிறகு பதினெட்டு வருடம், ஜனவரியில் ஒரே வாரம், ஒரே கப்பல், ஒரே மேசை. ஆறாவது நாற்காலிக்கு மட்டும் வருடத்துக்கு ஒருவர் வந்து போனார்கள். ஒட்டகச்சிவிங்கிக்குப் பல் பார்க்கும் மருத்துவர் ஒருவர். ஏழு நாளும் ஒரு வார்த்தை பேசாமல் கடைசி நாள் எங்கள் ஐந்து பேரையும் கட்டிப்பிடித்து அழுத ஒரு பெண்மணி. வெண்டல் மட்டும் ஐந்தாவது நாற்காலியிலேயே இருந்தார்.

கப்பலைத் தவறவிட்டது மூன்றாவது வருடம், கோசுமெல் தீவில். கப்பலில் போகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: கரையில் என்ன மணி ஆனாலும் கப்பலுக்குக் கப்பல் நேரம்தான், கைக்கடிகாரத்தைத் தொடாதீர்கள் என்று. வெண்டல் இறங்கியதும் துறைமுகச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் வித்தியாசம். ஊருக்கே நேரம் போட்டவரால் அந்தத் தப்பைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டு, நிம்மதியாகக் கடைவீதிக்குப் போனார்.

புறப்படும் நேரத்தில் மேல்தளத்துக்கு வந்து, தாமதமாக ஓடிவருகிறவர்களைப் பார்த்துக் கூச்சல் போடுவது கப்பல் பயணிகளுக்கு ஒரு தனி விளையாட்டு. அன்றைக்கு ஓடிவந்தது ஒரே ஒரு ஆள். ஒரு தோளில் சுருட்டிய ஊஞ்சல் வலை, ஒரு கையில் பாட்டில். பாட்டிலில் இருந்தது கோரின் வாங்கிவரச் சொன்ன வெனிலா. நாங்கள் நால்வரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினோம். கோரின்தான் உரக்கக் கத்தினாள். "ஓடு! இன்னும் வேகமா! ஊஞ்சலைப் போடு, வெனிலாவைப் போட்றாத!"

ஏணிப்படியை எடுத்துவிட்டார்கள். வெண்டல் துறைமுகத்தின் கடைசிவரை ஓடிவந்து நின்று, மூச்சு வாங்கியபடி, மிக மரியாதையாகக் கையசைத்தார். இரண்டு நாள் கழித்து, கப்பல் கிளம்பிய ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் நாங்கள் இறங்கியபோது, விமானத்தில் முன்னாலேயே வந்துவிட்ட அவர் துறைமுக வாசலில் அதே பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

வயதானபோது நாங்கள் எல்லாரும், முன்னும் பின்னுமாக, ஃபோர்ட் லாடர்டேலில் துறைமுக வாயை ஒட்டி நிற்கும் ஒரே கட்டடத்தில் வீடு வாங்கினோம். நானும் மில்டனும் எட்டாம் மாடி. எங்களுக்கு நேர் கீழே ஆறாம் மாடியில் வெண்டல். மூன்றாம் மாடியில் கோரினும் ரஸ்ஸலும். சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பல்கள் வரிசையாகப் புறப்படும்போது, இந்தக் கட்டடத்தில் எல்லாரும் பால்கனிக்கு வந்து துண்டை வீசுவோம், மணி அடிப்போம். கப்பலில் இருப்பவர்களும் துண்டை வீசுவார்கள். எங்கள் வீட்டு மணி மாட்டின் கழுத்தில் கட்டும் பெரிய மணி. அதைக் கேட்டால் மற்ற பால்கனிகளும் திறந்துவிடும்.

ஆறு வருடத்துக்கு முன் ரஸ்ஸல் போய்விட்டார். மறு வருடமே சில்வர் ஹெரானை உடைக்கிற இடத்துக்கு இழுத்துப்போனார்கள். மில்டனுக்கு இடுப்பில் உலோகம் வைத்தார்கள். ஜனவரி வந்தது. பயணம் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் என் கதவுக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது.

'இன்றைய நிகழ்ச்சிகள். காலை 10: உயிர்காப்புப் பயிற்சி, எட்டாம் மாடி, ஆரஞ்சு அங்கி கட்டாயம். பிற்பகல் 2: துண்டை மடித்து மிருகம் செய்யும் வகுப்பு, நடத்துபவர் மில்டன் (பாவம் மிருகங்கள்). மாலை 6: முதல் பந்தி. உடை: சாதாரணம்.'

கப்பலில் தினமும் அறைக்கு வரும் தாளைப் போலவே கோரின் தட்டச்சு செய்திருந்தாள். அதிலிருந்து வருடத்துக்கு ஒரு வாரம் எங்கள் கட்டடம் கப்பல். விதிகளை எல்லாம் போட்டது கோரின். அதில் முக்கியமான விதி வெண்டலுக்காகவே போட்டது: அந்த வாரம் முழுக்கக் கப்பல் நேரம் மட்டும்தான். கைபேசிகள் எல்லாம் என் வீட்டு பிஸ்கட் டின்னுக்குள் போய்விட வேண்டும். கோரின் மட்டும் எதையும் போட வேண்டியதில்லை. இந்த நாட்டில் கைபேசி வாங்காத கடைசி ஆள் அவள்தான். தொலைக்காட்சி கிடையாது. அடுப்பு, மைக்ரோவேவ் கடிகாரங்களின் மேல் நாப்கினைப் போட்டு மூட வேண்டும். முதல் நாள் எல்லாரும் எங்கள் கூடத்துப் பித்தளைக் கடிகாரத்தைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தை வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரே வரி இருக்கும்: 'கரையில் என்ன மணி என்பது நமக்குத் தேவையில்லை. வெண்டலுக்கு அறவே தேவையில்லை.'

இன்னொரு விதியும் உண்டு. அது நிஜக் கப்பலிலேயே எங்கள் மேசை போட்டது. கடைசி இரவு விருந்தில் எல்லாரும் கண் கலங்கி விடைபெறுவோம். மறுநாள் காலை ரொட்டி வரிசையில் அதே முகங்கள். மறுபடி விடைபெறுவோம். லிஃப்டில் மறுபடி. சுங்கச் சோதனையில் மறுபடி. மூன்றாவது முறை கட்டிப்பிடிக்கும்போது யாருக்கும் அழுகை வராது, சங்கடம்தான் வரும். அதனால் ரஸ்ஸல் சொன்னார்: விடைபெறுவது ஒரே முறை, கடைசி இரவில். காலையில் பார்த்தால் ஒருவரையொருவர் தெரியாது.

இந்த வருடம் கப்பல் வாரம் ஜனவரியில் நடக்கவில்லை. கோரினின் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. டுலூத்தில் இருக்கும் மகள், தன்னோடு வந்துவிடச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்டு, கடைசியில் ஜெயித்துவிட்டாள். மூன்றாம் மாடி வீடு விலை போனது. மார்ச் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணிக்கு விமான நிலைய வேன். எனவே அதற்கு முந்தைய வாரம் கடைசிக் கப்பல் வாரம் என்று கோரின் அறிவித்தாள்.

புதன்கிழமை, மில்டன் துண்டில் யானை செய்துகொண்டிருந்தபோது (அது வண்டியில் அடிபட்ட நாய் மாதிரி வந்திருந்தது), வெண்டல் என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"நோரீன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மில்டனுக்குத் தெரிய வேணாம்."

"அவருக்கு வலது காது கேக்காது. இந்தப் பக்கமா நின்னு சொல்லு."

"நான் டுலூத் போலாம்னு இருக்கேன்."

"போயேன். வெயில் காலத்துல போ. ஒரு வாரம் இருந்து கோரினைப் பாத்துட்டு வா."

"வர்றதுக்குப் போகல. இருக்கறதுக்கு."

நான் கையிலிருந்த துண்டை மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"கேக்கணும். நானும் வரவான்னு."

"யப்பா, ரஸ்ஸல் போய் ஆறு வருஷம் ஆச்சு. இத்தனை நாளா என்ன பண்ணிட்டு இருந்த?"

"முதல் ரெண்டு வருஷம் கேக்கறது சரியில்லன்னு பட்டுச்சு. அப்புறம் தினம் நாலு மணிக்கு இங்கதான் பக்கத்துல நிக்கிறா. இதுக்கு மேல என்ன கேக்கறதுன்னு விட்டுட்டேன்."

"அவ வேணாம்னு சொல்லிட்டா?"

அவர் கடலைப் பார்த்தார். "சொல்லட்டும். அப்ப நான் இங்கேயே துண்டை வீசிக்கிட்டு இருப்பேன். ஆனா கேக்காமலே அவ போயிட்டான்னு வை, ஒவ்வொரு கப்பல் போறப்பவும் அந்த நினைப்புதான் வரும்."

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது, அவரிடம் சொல்லவில்லை. முந்தைய வாரம் கோரினுக்குப் பெட்டி கட்ட உதவியபோது, ஒரு கம்பளிக் காலுறைக்குள் சுற்றி வைத்த காலி வெனிலா பாட்டிலைப் பார்த்தேன். "இது எதுக்கு?" என்றேன். "வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று அவள் என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

"சனிக்கிழமை விருந்துல கேட்டுடு," என்றேன் வெண்டலிடம். "போ டை கட்டிட்டு வா. அது கட்டினாதான் நீ மனுஷன் மாதிரி இருக்க."

சனிக்கிழமைத் தாளில், 'விடைபெறும் விருந்து. உடை: அலங்காரம்' என்று இருந்தது. கோரின் கடல்பச்சை கவுனில் வந்தாள். மில்டனின் கோட்டுக்குப் பொத்தான் சேரவில்லை. வெண்டல் கறுப்பு கோட், வெள்ளைச் சட்டை, போ டை. தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். இறால் வந்தது. வழக்கம்போல் பழைய கதைகளும் வந்தன.

"பனிக்கட்டியில அன்னம் செதுக்கி வச்சாங்களே, நினைவு இருக்கா?" என்றார் மில்டன்.

"அது அன்னமில்ல, டால்ஃபின்," என்றாள் கோரின்.

"அன்னம்தான். கழுத்து ஒடைஞ்சுது."

"நீ அதுல சாய்ஞ்சு போட்டோ எடுத்த. அதனாலதான் ஒடைஞ்சுது. டால்ஃபினுக்கு ஏதுய்யா கழுத்துன்னு ரஸ்ஸல் உன்னைக் காப்பாத்தினான்."

வெண்டல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "கோரின், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கோசுமெல்ல எத்தனை மணின்னு மட்டும் கேக்காத," என்றாள் அவள். மேசையே சிரித்தது. வெண்டலும் சிரித்துவிட்டார். அதோடு முதல் முயற்சி போயிற்று.

இரண்டாவது முறை அவர் வாய் திறந்தபோது மில்டன் விளக்கை அணைத்துவிட்டார். முட்டைநுரை போர்த்தி மேலே தீ வைத்த ஐஸ்கிரீம் கேக்கைத் தூக்கிக்கொண்டு, இடுப்பு வலியோடு மேசையை மூன்று சுற்று வர வேண்டியது அவர் பொறுப்பு. நாங்கள் நாப்கினைத் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். கப்பலில் பரிமாறுகிறவர்கள் நாற்பது பேர் இதைச் செய்வார்கள். இங்கே ஒருவர்தான். மூன்றாவது சுற்றில் தீ அணைந்துவிட்டது. "கப்பல்லயும் அணையும்," என்று மில்டன் சாதித்தார்.

பிறகு விடைபெறும் நேரம். கோரின் எழுந்து எங்கள் ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதிருப்போம். வெண்டல் முன்னால் வந்தபோது கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்தபடி நின்றார். வாய் திறந்தது.

"ஏதோ கேக்கணும்னியே?" என்றாள்.

"காலைல வேன் எத்தனை மணிக்கு?"

"பத்து." அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதத்தான் கேக்க வந்தியா?"

"ஆமா," என்றார் அந்த மடையர்.

அவள் போன பிறகு நான் அவர் போ டையைப் பிடித்து இழுத்தேன். "ஏன்யா, முப்பத்தொரு வருஷம் நேரம் போட்டவனுக்கு எந்த நேரத்துல எதைக் கேக்கறதுன்னு தெரியாதா?"

"காலைல கேக்கறேன். ஒன்பதரைக்கு நேரா போய்க் கதவைத் தட்டறேன். வேன் வர அரை மணி நேரம் இருக்கும். தாராளம்."

"காலைல யாருக்கும் யாரையும் தெரியாது. விதி."

"விதியை மீறினதுக்குக் கடல்ல தள்ளட்டும்."

ஞாயிறு காலை நான் எழுந்தபோது பித்தளைக் கடிகாரத்தில் எட்டு. காபி போட்டேன். மில்டன் வாரம் முழுக்கச் செய்த துண்டு மிருகங்களைக் கலைத்து மடித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாக இரண்டு நிமிடம் இருக்கும்போது பால்கனியிலிருந்து கூப்பிட்டார்.

"நோரீன், வெள்ளை வேன் ஒண்ணு நிக்குது. கோரின் பெட்டியை ஏத்தறாங்க."

"பத்து மணிக்குதானே? ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டானா?"

"அவளுக்கு அதுல வருத்தம் இருக்கற மாதிரி தெரியல. ஏற்கெனவே கீழ வந்து நிக்கிறா."

கோரின் கப்பலில் எந்த வரிசையிலும் முதல் ஆள். ஏழு மணியிலிருந்தே தயாராக உட்கார்ந்திருப்பாள். ஆனால் வேன்காரர்கள் ஒரு மணி நேரம் முன்னால் வந்ததாகச் சரித்திரம் கிடையாது. எனக்கு என்னவோ உறுத்தியது. பிஸ்கட் டின்னைத் திறந்து என் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது ஐம்பத்தெட்டு.

மார்ச் இரண்டாம் ஞாயிறு. வெயில் காலம் வருகிறதென்று நாடு முழுக்க விடியற்காலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தார்கள், ஒவ்வொரு வருடமும் செய்வதுபோல. ஜனவரிக் கப்பல்களில் இந்த வம்பு வந்ததில்லை. நாடு போனால் போகட்டும், எங்களுக்குக் கப்பல் நேரம். வெண்டலுக்காகப் போட்ட விதி. அதில் மாட்டிக்கொண்டதும் வெண்டல்தான்.

அவர் எண்ணை அழுத்தினேன். என் கையிலிருந்த டின் அதிர்ந்தது. அவர் கைபேசி அதற்குள்தான் இருந்தது.

மணியை எடுத்தேன். எடுத்து அடித்தேன், எந்தக் கப்பலுக்கும் அடிக்காத அடி.

காலை நேரத்தில் எந்தக் கப்பலும் புறப்படாது. அதனால்தான் எல்லாரும் வந்தார்கள். ஒன்பதாம் மாடிப் பெண் தலையில் முடி சுருட்டும் கம்பிகளோடு வந்தாள். ஐந்தாம் மாடி இரட்டையர்கள் கையில் ரொட்டியோடு. பழக்க தோஷத்தில் பாதிப் பேர் கையில் துண்டு. ஆறாம் மாடியில் வெண்டல் எட்டிப் பார்த்தார்: மேலே வெள்ளைச் சட்டை, கறுப்பு கோட், போ டை; கீழே கோடு போட்ட பைஜாமா.

"என்ன கப்பல்?" என்று கேட்டார்.

"வேன்!" என்று கத்தினேன். "மணி பத்து!"

"ஒன்பது," என்றார் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பொறுமையாக.

"நேரம் மாத்திட்டாங்கய்யா! இன்னைக்கு! ஊர் முழுக்க! கீழ பாரு!"

அவர் கீழே பார்த்தார். ஒரு நொடி அவர் முகத்தில் கோசுமெல் துறைமுகம் முழுவதும் வந்து போனது. அடுத்த நொடி அங்கே ஆள் இல்லை.

எங்கள் லிஃப்ட் இருபது வருடமாக யோசித்து யோசித்துதான் இறங்கும். வேனின் பின்கதவை அடைத்தார்கள். கோரின் உள்ளே ஏறினாள். ஓட்டுநர் சுற்றிவந்து தன் கதவைத் திறந்தார். மில்டன் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மணியை நிறுத்தவில்லை. அதற்குள் செய்தி மாடிக்கு மாடி பரவிவிட்டது. கட்டட வாசல் கதவு திறந்து வெண்டல் வெளியே வந்தபோது, பன்னிரண்டு மாடியும் ஒன்றாகக் கத்தியது.

"ஓடு! ஓடு!"

"ஏணியை எடுக்கப் போறாங்க!"

"பைஜாமாவைப் பிடிச்சுக்கோ!"

"அந்தப் பக்கமில்ல, இந்தப் பக்கம்! தோட்டத்தைச் சுத்தாத, குறுக்க வா!"

எழுபத்தாறு வயதில் அதை ஓட்டம் என்று சொல்வதற்குப் பெரிய மனது வேண்டும். ஒரு செருப்பு செம்பருத்திச் செடிக்குள் போனது. வேன் நகர்ந்தது. பத்தடி போனது. நின்றது.

கீழே நடந்ததை வெண்டல் ஒரு மாதிரி சொல்கிறார், வாசல் மேசையில் இருக்கும் டெஸ்மண்ட் வேறு மாதிரி சொல்கிறார். நான் டெஸ்மண்டை நம்புகிறேன். அவருக்கு இதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை.

கோரின் கண்ணாடியை இறக்கினாள். வெண்டலை மேலிருந்து கீழே பார்த்தாள். கண் மங்கியவள் என்றாலும் பைஜாமாக் கோடுகள் தெரியுமளவுக்குப் பார்வை இருந்தது.

"யாரு சார் வேணும்?" என்றாள்.

"கோரின்..."

"என் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்? நேத்து ராத்திரியே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டாச்சு. இன்னைக்கு எனக்கு இந்தக் கப்பல்ல யாரையும் தெரியாது."

வெண்டல் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மேலே பன்னிரண்டு மாடியும் பேச்சை நிறுத்திவிட்டது. நானும் மணியைக் கையால் பொத்திக்கொண்டேன். கோரினின் பக்கத்து இருக்கையில் அவளுடைய கைப்பை இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு போ டையைச் சரிசெய்துகொண்டார்.

"வெண்டல்," என்றார். "அறுபத்துநாலாம் மேசை. தனியா வந்திருக்கேன். இந்த இடத்துல யாராச்சும் இருக்காங்களா?"

கோரின் முகம் என்னமோ ஆயிற்று என்று மட்டும் டெஸ்மண்ட் சொல்கிறார், அதற்கு மேல் சொல்ல மறுக்கிறார்.

"இது டுலூத் வரைக்கும் போற கப்பல்," என்றாள் கடைசியில். "அங்க பனி. உங்க உடை பாதிதான் சரியா இருக்கு."

"மீதியை எடுத்துட்டுப் பின்னாடி வரேன். வரலாமான்னு கேக்கத்தான் ஓடி வந்தேன்."

"அத நேத்து கேட்டிருந்தா இவ்ளோ தூரம் ஓடியிருக்க வேணாம்ல?"

"நேத்து என்னை உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அதான் பயமா இருந்துச்சு."

அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வேன் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் துண்டை வீசினோம். மணி அடித்தே என் தோள்பட்டை வலித்தது. ஒன்பதாம் மாடிப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு இவர்கள் இருவரின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது.

"பர்ஸ் எடுத்துட்டுப் போனானா?" என்றார் மில்டன்.

"பைஜாமாவுக்குப் பை இருக்கோ என்னமோ."

"செருப்பு ஒண்ணுதான் இருக்கு."

"விமான நிலையத்துல எப்படியும் கழட்டத்தான் சொல்லுவாங்க."

பகல் ஒரு மணிக்கு அதே வேன் வெண்டலைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கியது. ஓட்டுநர் கையசைத்துவிட்டுப் போனார். வெண்டல் மேலே வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். நான் செம்பருத்திக்குள்ளிருந்து எடுத்துவந்த செருப்பை அவர் முன்னால் வைத்தேன். அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமை நிகழ்ச்சித் தாள். பின்பக்கம், விமான நிலையப் பேனாவால், கோரினின் பெரிய பெரிய எழுத்து.

'ஏப்ரல் 12, டுலூத். காலை: ஏரியில் பனி உடைந்து இரும்புத்தாதுக் கப்பல்கள் வரும். பாலத்தடியில் கூடவும். துண்டு கொண்டுவரவும். (கப்பலில் இருப்பவர்கள் நீச்சல் உடையில் இருக்க மாட்டார்கள்; ஏமாற வேண்டாம்.) மாலை 6: முதல் பந்தி. மகளுக்குச் சொல்லிவிட்டேன். உடை: கம்பளி. கால்சட்டை கட்டாயம். திரும்பிப் புறப்படும் நேரம்: கிடையாது.'

மில்டன் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். பிறகு உள்ளே போய், உறைபனிப் பெட்டியில் மிச்சமிருந்த கேக்கை எடுத்துவந்தார்.

தாளின் அடியில் ஒரு குறிப்பும் இருந்தது: 'டுலூத்தில் நேரம் ஃப்ளோரிடாவைவிட ஒரு மணி நேரம் பின்னால். இந்த முறை கடிகாரத்தைக் கட்டாயம் மாற்றவும்.'

"நாங்க முதல்ல எங்களோடதை மாத்தறோம்," என்று நான் எழுந்து பித்தளைக் கடிகாரத்தின் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினேன். அடுப்பின் மேலிருந்த நாப்கினையும் எடுத்தேன். "நீயும் வை, வெண்டல். இல்லன்னா ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏழு மணிக்கு வந்து நிப்ப."

வெண்டல் கைக்கடிகாரத்தின் திருகை இழுத்தார். இழுத்த கையை அப்படியே நிறுத்தினார். உதடு மெல்ல அசைந்தது, ஸ்க்ரான்டனில் எந்தப் பேருந்து எந்த முனையில் வரும் என்று கணக்குப் போட்ட உதடு.

"ஒரு மணி நேரம் முன்னாடி வச்சா ஃப்ளோரிடா," என்றார். "அதுலேருந்து ஒரு மணி நேரம் பின்னாடி வச்சா டுலூத்."

"ஆமா. அதனால?"

அவர் எதையும் திருப்பாமல் திருகை உள்ளே அழுத்தி, கடிகாரத்தை எங்களுக்குக் காட்டினார். அன்று காலையிலிருந்தே அது டுலூத் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் லேட்டா வரல," என்றார் வெண்டல், கேக்கை வெட்டியபடி. "முன்னாடியே அங்க போயிட்டேன்."

ஏப்ரலில் அவரை வழியனுப்பியபோது, மில்டன் பைஜாமாவைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார்.